ஹோம்ஸ்டே காலை டிபன்: ஆளுக்கொரு நேரம் வந்தாலும் சூடாக

காரைக்குடிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்களா? ஒரு விருந்தினர் 7 மணிக்கே வந்து உட்காருவார், இன்னொருவர் 10 மணிக்குத்தான் எழுந்திருப்பார். இரண்டு பேருக்கும் சூடாகப் பரிமாற:

1. முந்தின இரவே நேரத்தையும் ஒவ்வாமையையும் கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை, முந்திரியோடு பெருங்காயத்தையும் கவனியுங்கள். கடைப் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

2. வெள்ளைப் பணியாரத்தை விட்டுவிடாதீர்கள். வெளியூர்க்காரர்கள் தேடி வருவதே இதற்குத்தான். ஓர் ஆழாக்கு பச்சரிசி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து சேர்த்து 2 மணி நேரம் ஊறவையுங்கள். நைசாக அரைத்து உப்பு, சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் பால் விடுங்கள். புளிக்கவிட வேண்டாம், எண்ணெய் குடிக்கும். ஆள் இலைக்கு முன் உட்கார்ந்த பிறகே எண்ணெயில் ஊற்றுங்கள். ஆறிய பணியாரத்தைப் பரிமாறுவதைவிடப் பரிமாறாமலே இருக்கலாம். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி.

3. இட்லியை இறக்கி 2 நிமிடம் கழித்து எடுங்கள், தட்டில் ஒட்டாது. ஹாட்பாக்ஸில் துணியால் மூடி வையுங்கள், மூடியில் கோத்த நீர் சொட்டாது.

4. பொங்கல் இறுகினால் கொதிநீர் விட்டுக் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் ருசியைக் கெடுக்கும்.

5. தேங்காய்ச் சட்னியை இரண்டு தடவையாக அரையுங்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசிப்போகும்.

6. டிகாஷனை அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள், கசக்கும். பாலைக் கொதிக்கவைத்து அதில் கலந்தால் போதும். சர்க்கரையைத் தனியே வையுங்கள்.