வீட்டிலேயே பேண்ட் திருத்துவோம்

மிளகாய் வற்றலும் புளியும் மொத்தமாக விற்பவன் நான். வேட்டி கட்டுபவனும்கூட. பேண்ட் திருத்துவது பற்றி நான் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். காரணத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

ஒரு தீபாவளிக்கு எங்கள் மண்டியில் வேலை செய்யும் ஆறு பேருக்கும் ரெடிமேட் காட்டன் பேண்ட் எடுத்தேன். நீளம் அதிகமாக இருந்தது. நானே நின்று அளந்து, மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு மடித்து அடிக்கச் சொன்னேன். முதல் சலவையிலேயே ஒன்றரை அங்குலம் ஏறிவிட்டது. வற்றல் மூட்டை காய்ந்தால் எடை குறையும் என்று கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பது தோன்றவில்லை!

இருபது வயதுத் தம்பி ஒருவருக்கு இடுப்பும் லூஸ். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூட்டையைப் புரட்டினார். சரக்கெடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அன்று முதல் அவர் தராசுப் பக்கமே வராமல் குடோனுக்குள்ளேயே நின்றார். நான் கொடுத்த துணி அவரைக் கூச வைத்துவிட்டது. தையற்கடையில் கேட்டால், "தீபாவளி வேலை முடியட்டும்" என்றார்கள். கடைசியில் என் துணைவியார்தான் வீட்டு மிஷினில் உட்கார்ந்தார். அருகில் இருந்து நான் கற்றதைக் கீழே தருகிறேன்.

1. முதலில் தண்ணீர். காட்டன் பேண்டை ஓர் இரவு ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே அளக்க வேண்டும். டெரிகாட்டன் அதிகம் சுருங்காது.

2. அளவு. அவருக்குச் சரியாக இருக்கும் பழைய பேண்ட் ஒன்றைத் தரையில் விரித்து, கவட்டைத் தையலிலிருந்து கால் ஓரம் வரை உள்பக்கமாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

3. இடுப்பு. பேண்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். இடுப்புப் பட்டியின் பின்நடுவில் தையல் இருந்தால் வேலை சுலபம். ஜீன்ஸில் பட்டி ஒரே துண்டாக இருக்கும். அதைக் கடைக்காரரிடமே விடுங்கள். பின்நடு பெல்ட் லூப்பையும் பட்டியையும் சிறிது பிரித்து, சாக்பீஸால் புதுக்கோடு போடுங்கள். இங்கேதான் கணக்குத் தவறும். 34 அங்குலத்தை 32 ஆக்க, பக்கத்துக்கு 1 அங்குலம் பிடித்தால் போதும். பக்கத்துக்கு 2 பிடித்தால் 30 ஆகிவிடும். கோடு மேலே அகலமாகத் தொடங்கி, கீழே கவட்டைக்கு முன்பே பழைய தையலோடு சேர வேண்டும். 2 அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

4. கை நூலோட்டம். மிஷினில் வைக்கும் முன் கையால் நூலோட்டிப் போட்டுப் பாருங்கள். நிற்பது மட்டும் போதாது. நம் வேலையில் குனிய வேண்டும், குந்த வேண்டும். அப்படிச் செய்து பார்த்தபின், 14ஆம் எண் ஊசியால் இரட்டைத் தையல் போடுங்கள். தடித்த துணிக்கு 16ஆம் எண்.

5. கால் மடிப்பு. கடைக்குப் போடும் செருப்போடு நிற்கச் சொல்லிக் குறியுங்கள். உள்ளே இரண்டு அங்குலமாவது மடிப்பில் இருக்கட்டும். கையால் ஹெம்மிங் செய்யும்போது வெளித்துணியில் ஓரிரு இழையை மட்டும் ஊசியால் எடுத்தால் தையல் வெளியே தெரியாது.

6. உள்ளே மிஞ்சும் துணியை வெட்டாதீர்கள். இன்று ஒல்லியாக இருப்பவர் நாளை பருக்கலாம். அப்போது பிரித்துவிட அதுவே கையிருப்பு.

தம்பியின் இடுப்பைச் சரிசெய்துவிட்டோம். நீளத்துக்குத்தான் வழியில்லை, வெட்டிய துணி ஒட்டாது. மன்னிப்புக் கேட்டு வேறு பேண்ட் வாங்கி, ஊறவைத்து, மேற்சொன்னபடி திருத்திக் கொடுத்தோம். மறுநாள் காலை அவரே வந்து தராசில் நின்றார்.

ஊசி, நூல், சாக்பீஸ், இன்ச் டேப் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. முதலில் பழைய பேண்ட் ஒன்றில் பழகிப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, கத்தரியை எடுக்கும் முன் வாளியில் தண்ணீரைப் பிடியுங்கள்.