வருமான வரியின் படிகள்

திருநெல்வேலி டவுண் ரதவீதியில் கடையும் தாமிரபரணிப் பாசனத்தில் நஞ்சையும் உடைய அன்பர்கள் சிலர், வருமானம் ஒரு படி ஏறினால் முழுத் தொகைக்கும் உயர்ந்த வரி விழுமென அஞ்சுவதைக் காண்கிறோம். அவ்வாறன்று. 2025-26ஆம் நிதியாண்டின் புதிய முறையில், வரிக்குரிய வருமானம் 16 லட்சமாயின் வரி 1,20,000 ரூபாய். மேலும் 10,000 ரூபாய் வந்தால் அப்பத்தாயிரத்துக்கு மட்டுமே 20 சதவீதம். அதாவது 2,000 ரூபாய். கீழ்ப்படிகளின் வரி மாறாது. (சுகாதார, கல்வித் தீர்வை 4 சதவீதம் தனி.)

நெல் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆயினும் 1973ஆம் ஆண்டு நிதிச் சட்டம் முதலாக, அது 5,000 ரூபாயைத் தாண்டி, கடை வருமானமும் விலக்கு வரம்பைக் கடந்திருப்பின், கடை வருமானம் எப்படியில் நிற்கிறதென அறிய இரண்டையும் கூட்டிப் பார்க்கின்றனர். வயலுக்கு வரியில்லையே என்று படிவத்தில் அதனைக் குறிக்காது விடுதல் கூடாது.