புதைவடமும் தொழிலாளர் பயிற்சியும்

கொச்சி மாநகரில் வைட்டிலா என்றொரு சந்திப்பு உண்டு. 'வயல்தலை' என்ற சொல்லே வைட்டிலா என மருவிற்று என்பர். தமிழ் மாணவர்க்கு அப்பெயரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. 1960-களில் நெல் விளைந்துகொண்டிருந்த அத்தாழ்நிலத்தில் இன்று தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. 2011-இல் பேருந்து நிலையமும், 2019-இல் மெட்ரோ இரயிலும், 2021-இல் மேம்பாலமும், 2023-இல் நீர் மெட்ரோப் படகும் அங்கே வந்து சேர்ந்தன. இவையனைத்தும் மின்சாரத்தை வேண்டுவன. மேலே பாலமும் தூண்களும் இடத்தை அடைத்துக்கொள்ளும் இத்தகைய சந்திப்புகளில் மின்சாரம் செல்லத்தக்க வழி மண்ணுக்குள்தான் எஞ்சுகிறது. அம்மண்ணோ இன்னும் வயல்மண்ணே. மழைக்காலத்தில் சிறிது தோண்டினாலும் நீர் ஊறும். அங்கே புதைவடம் இடுவோருக்கும் அதைப் பேணுவோருக்கும் எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மண்ணுக்குள் மின்சாரம்

மின்சாரத்தை நிலத்தடியில் கொண்டு செல்வது புதிய எண்ணம் அன்று. எடிசன் 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையத்தைத் திறந்தபோதே கம்பிகளை நிலத்தடியிலேதான் இட்டார். பின்னர் இலண்டனில் பெராண்டி என்னும் இளம் பொறியாளர், டெப்ட்போர்டு நிலையத்திலிருந்து நகருக்கு 10,000 வோல்ட்டில் மின்சாரம் அனுப்பினார். ஒரு செப்புக் குழாய்க்குள் மற்றொரு செப்புக் குழாய், இடையே மெழுகில் தோய்த்த காகிதம். இதுவே அவர் வடம். அதைச் சுருட்ட இயலாது. ஆதலின் 20 அடித் துண்டுகளாகச் செய்து, ஆயிரக்கணக்கான இடங்களில் இணைக்க நேர்ந்தது. வடம் எத்துணை நன்றாயினும் அதன் ஆயுள் இணைப்பவர் கையில் இருக்கிறது என்பதை உலகம் அன்றே கற்றுக்கொண்டது.

இக்காலத்து 11,000 வோல்ட் வடத்தில் காகிதத்திற்கு மாறாகக் குறுக்குப் பிணைப்புடைய பாலித்தீன் பயன்படுகிறது. நடுவே அலுமினியம் அல்லது செம்பு. அதன்மேல் மெல்லிய அரைகடத்தும் படலம். பின்னர்ப் பாலித்தீன் காப்பு. அதன்மேல் மீண்டும் ஓர் அரைகடத்தும் படலம். பின்னர்ச் செப்புத் திரை. ஈற்றில் எஃகுக் கவசமும் புறவுறையும். இக்காப்பு 90 பாகை செல்சியஸ் வரை கடத்தியின் வெப்பத்தைத் தாங்கவல்லது. 33,000 வோல்ட் வரையுள்ள வடங்களை இடும் முறையை இந்தியத் தரநிலை 1255 (1983) வகுத்துள்ளது. 11,000 வோல்ட் வடம் 90 சென்டிமீட்டர் ஆழத்திலும், 33,000 வோல்ட் வடம் 105 சென்டிமீட்டர் ஆழத்திலும் கிடக்க வேண்டும் என்பது அதன் விதி.

மூன்று இடர்கள்

கம்பத்தில் ஏறிப் பழகிய லைன்மேன் ஒருவர் குழிக்குள் இறங்கும்போது மூன்று புதிய இடர்களை எதிர்கொள்கிறார்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியாமை. கம்பத்துக் கம்பி எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைப் பார்த்தே அறியலாம். குழிக்குள்ளோ ஒன்றுபோல் நாலைந்து வடங்கள் கிடக்கும். நிறுத்தியது ஒன்று, அறுப்பது வேறொன்று என்றால் உயிருக்கே கேடு. ஆகையால் வடத்தை நிறுத்துதல், பூட்டுதல், மின்சாரம் இல்லையெனச் சோதித்தல், இரு முனையிலும் மண்ணோடு இணைத்தல், பின்னர் லைன் கிளியர் பெறுதல் என்னும் வரிசை ஒருபோதும் மாறலாகாது. அதற்குப் பிறகும், அறுக்கவேண்டிய வடத்தில் தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் முள் பாய்ச்சிய பின்னரே கையால் தொட வேண்டும்.

இரண்டாவது, தேங்கிய மின்னூட்டம். நீண்ட வடம் ஒரு பெரிய மின்தேக்கியாகும். கடத்தி ஒரு தகடு, திரை மற்றொரு தகடு, காப்பு இடைப்பொருள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; நீளம் கூடக் கூட அதன் அளவும் கூடும். இயற்பியல் வகுப்பில் நாம் படித்த சூத்திரம் இங்கே ஓர் உயிரைக் காக்கவோ கொல்லவோ கூடியது.

மூன்றாவது, தூங்கும் பிழை. வடத்தை இணைக்கும்போது வெளி அரைகடத்தும் படலத்தைக் குறித்த நீளம் உரித்தெடுக்க வேண்டும். படலம் முடியும் விளிம்பில் மின்புலம் குவியும். அங்கே புலத்தைப் பரப்பும் குழலைச் சரியாகப் பொருத்தாவிட்டால், அல்லது கத்தியின் கீறலோ காற்றுக் குமிழோ எஞ்சினால், நுண்ணிய மின்னிறக்கம் தொடங்கிக் காப்பை மெல்ல மெல்ல அரிக்கும். ஈரம் புகுந்தாலோ காப்புக்குள் மரக்கிளை போன்ற வடிவில் சிதைவு வளரும். அன்று மாலை விளக்கு எரியும். அடுத்த மாரியிலோ அதற்கடுத்த ஆண்டிலோ வடம் வெடிக்கும். அப்போது பிழை செய்த கை யாருடையது என்று எவரும் அறியார். வைட்டிலா போன்ற நீர்நிலத்தில் அறுத்த வடமுனையை உடனே மூடி போட்டு அடைப்பதும், குழி நீரை இறைத்த பின்னரே இணைப்பதும் இக்காரணம் பற்றியே.

பழுதைத் தேடும் கணக்கு

புதைந்த வடத்தில் பழுது எங்கே என்று காண்பது எப்படி? மர்ரே வளையச் சோதனை என்னும் பழைய முறை மாணவர்க்கு எளிதில் விளங்கும். 600 மீட்டர் வடம் ஒன்றில் ஓர் உட்கம்பி மண்ணோடு தொட்டுவிட்டது எனக் கொள்வோம். தொலைமுனையில் அதனை நல்ல உட்கம்பி ஒன்றோடு தடித்த இணைப்பால் சேர்த்தால் 1200 மீட்டர் வளையம் கிடைக்கும். இம்முனையில் வீட்ஸ்டன் சமனச்சுற்றுப் போல இரு தடைகளை வைத்துச் சமன் காண்கிறோம். பழுதுற்ற கம்பியின் பக்கத் தடை 30, மற்றது 70 எனில், பழுதின் தொலைவு 1200 × 30 ÷ 100 = 360 மீட்டர். இரு கம்பிகளும் ஒரே உலோகம், ஒரே பருமன் என்றால்தான் இக்கணக்குப் பொருந்தும்.

ஆனால் அளவையில் நூற்றில் ஒரு பங்கு பிழைத்தாலும் விடை 12 மீட்டர் விலகும். பரந்த வயலில் 12 மீட்டர் பெரிதன்று. வைட்டிலாச் சந்திப்பில் அது நடைபாதைக்கும் நெடுஞ்சாலை நடுவுக்கும் உள்ள வேறுபாடு. எனவே கணக்கு இடத்தை நெருங்கிக் காட்டிய பிறகு, வடத்தில் உயரழுத்தத் துடிப்புச் செலுத்தி, பழுதில் எழும் ஒலியைத் தரைமேல் கருவி வைத்துக் கேட்டு இடத்தை உறுதி செய்கின்றனர். கணக்கும் செவியும் இரண்டும் பழகியவரே தேர்ந்த தொழிலாளி.

பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும்?

நெய்வேலியில் 1965 முதல் மின்துறைப் பயிற்சி நிலையம் இயங்கிவருகிறது. கேரள மின்வாரியத்திற்கு மூலமற்றத்தில் பயிற்சி நிலையம் உண்டு. இத்தகைய இடங்களில் கரும்பலகைப் பாடத்தோடு கைப்பாடமும் சேர வேண்டும். பயிற்சி பெறுவோர் செய்த இணைப்பை உயரழுத்தத்தில் சோதித்து, பின்னர் நெடுக அறுத்து, உள்ளேயுள்ள கீறலையும் குமிழையும் அவர் கண்ணாலேயே காணச் செய்ய வேண்டும். தூங்கும் பிழையை விழிக்க வைத்துக் காட்டுவதே சிறந்த ஆசிரியர் கடமை. நீர் நிறைந்த குழியிலும், இரவு விளக்கிலும் அவர் பழக வேண்டும். மிகையான வெப்பமும் பாடத்தில் இடம்பெற வேண்டும். 1998-இல் நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில், மையப் பகுதிக்கு மின்சாரம் தந்த 4 முதன்மைப் புதைவடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுற்று, ஏறக்குறைய 5 வாரம் அப்பகுதி அல்லலுற்றது. கம்பம் சாய்ந்தால் சில நாளில் நிமிர்த்தலாம். புதைவடத்தைச் சீராக்குவது அத்துணை எளிதன்று.

இறுதியாக ஒன்று. இணைப்பவர்க்குப் பயிற்சி உண்டு, குழி தோண்டுபவர்க்கு? குடிநீர்க் குழாய்க்கும் தொலைபேசிக்கும் சாலைக்கும் தோண்டுவோரின் கடப்பாரையே பல நேரங்களில் மின்வடத்தை முதலில் சந்திக்கிறது. கொச்சியில் அவ்வேலைக்கு வந்தோரில் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் பலர். மணலையும் காப்புச் செங்கல்லையும் எச்சரிக்கை நாடாவையும் கண்டால் உடனே நிறுத்த வேண்டும் என்ற ஒரே பாடம் அவருக்குப் போதும். ஆனால் அது அவர் மொழியில் சொல்லப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட ஆங்கிலத் தாள் அவரைக் காக்காது.

பொறியியல் பயிலும் நண்பர்களே! அப்பாடத்தைப் படத்தோடும் எளிய தமிழோடும் ஒரு பக்கத்தில் எழுதித் தர நம்மால் இயலாதா? விளக்கின் ஒளியை நாம் காண்கிறோம். அதற்காகக் குழிக்குள் இறங்குபவரை நாம் காண்பதில்லை. அவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதும் மின்வழங்கலின் ஒரு பகுதியே ஆகும்.