பொதிகைக்குப் புறப்படும் வீரனை வீட்டிலேயே படைக்கலாம்: 12 குறிப்புகள்

விடுமுறையில் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடினால் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடலாம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அதற்குள் போவார்கள். முடியுமா முடியாதா என்ற இடத்தில் பகடை பேசும். கோட்டையும் டிராகனும் இல்லாவிட்டால் என்ன? பொதிகை முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையே போதும்.

1. விலை கொடுத்து விதிப்புத்தகம் வாங்க அவசரப்பட வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. இலவசமாக இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொள்ளலாம்.

2. இருபது முகப் பகடை கிடைக்கவில்லையா? 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரே மாதிரி மடித்து ஒரு செம்பில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும். தாயக்கட்டை இதற்கு உதவாது. அதில் எல்லா எண்ணும் சம வாய்ப்பில் விழாது.

3. எண்களுக்கு முன்னால் ஆளை முடிவுசெய்யுங்கள். எந்த ஊர், என்ன தொழில், எதற்காக வீட்டை விட்டுக் கிளம்புகிறார்? மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வரவேண்டும். உதாரணம்: பத்தமடையில் பாய் நெய்கிற மைமூன், கோரை அறுக்கப் போய் ஆற்றுச் சுழியில் மாயமான தம்பியைத் தேடிக் கிளம்புகிறாள்.

4. ஆறு திறன்களுக்கு எண் வேண்டும்: வலிமை, லாகவம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் சாதாரண ஆறுமுகப் பகடையை நான்கு முறை உருட்டி, ஆகக் குறைந்ததைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் கூட்டுங்கள். 5, 2, 6, 3 விழுந்தால் 2 போக 14.

5. 'அவனுக்கு மட்டும் 17, எனக்கு 9' என்று சண்டை வரும் வீடா? உருட்டவே வேண்டாம். 15, 14, 13, 12, 10, 8 ஆகிய ஆறு எண்களையும் எல்லோருக்கும் கொடுத்து, விருப்பம்போல் பிரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. எண்ணிலிருந்து 10-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். அரை வந்தால் கீழே இறக்குங்கள். 15-க்கு +2, 8-க்கு −1. எடுத்த சீட்டோடு இதைக் கூட்டி 15-ஐ எட்டினால், நடுத்தரக் கடினமான காரியம் கைகூடும்.

7. அந்த 8-ஐ ஒளித்து வைக்காதீர்கள். பாய் நெய்யும் விரலுக்கு லாகவம் 15 என்றால், வலிமை 8 ஆக இருக்கட்டும். மதகுப் பலகையைத் தூக்க மைமூன் இன்னொருவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். கூட்டாளிகளுக்கு வேலை வருவது அப்படித்தான்.

8. விதியில் உள்ள வகைகளுக்கு நம் பக்கத்து ஆட்களைப் பொருத்துங்கள். பாடிக் கூட்டாளிகளுக்குத் தெம்பூட்டும் பாணனுக்கு வீசுகோலும் உடுக்கையுமாக வில்லுப்பாட்டுப் புலவர். உயரம் ஏறிப் பதுங்குகிறவருக்கு அரிவாள்பெட்டி கட்டிய பனையேறி. காயம் ஆற்ற பொதிகை மூலிகை அறிந்த வைத்தியர்.

9. முன்கதை எழுதத் தெரியவில்லை என்றால் முத்துப்பட்டன் கதையைக் கேளுங்கள். அந்தண குலத்தில் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பொம்மக்கா, திம்மக்காவைக் கைப்பிடிக்கப் பூணூலைத் துறந்து அந்தத் தொழிலையே ஏற்றான்; மாடு திருட வந்தவர்களோடு மோதி மாண்டான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. எதை விட்டான், எதைப் பிடித்தான், எதைக் காத்தான்? உங்கள் ஆளுக்கும் இந்த மூன்றையும் எழுதினால் முன்கதை முடிந்தது. ஆனால் சுடலைமாடனையோ இசக்கியையோ கதாபாத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடை கொடுக்கும் வீட்டில் பெரியவர்கள் மனம் நோகும். நேர்ச்சை நேர்ந்துகொண்ட பக்தராக ஆடலாம்.

10. கூட்டாளிகளுக்குள் ஒரு பழைய கணக்கு இருக்கட்டும். ஒருவர் மருதூர் மேலக்கால் பாசனத்து ஆள், மற்றவர் கீழக்கால். இரண்டுக்கும் ஒரே அணைக்கட்டுத் தண்ணீர். போன கோடையில் மடை திறந்ததில் தகராறு. பிரிந்து போகவும் முடியாது, முழுசாக நம்பவும் முடியாது.

11. மூட்டையில் எட்டுப் பொருளுக்கு மேல் வேண்டாம். கருப்பட்டி, சுக்கு, பனைநார்க் கயிறு, தீப்பந்தம் என்று உதவுகிறவை ஏழு. காசுக்கு ஆகாவிட்டாலும் கைவிட மனம் வராதது ஒன்று. மைமூனிடம் தம்பி பாதி நெய்துவிட்டுப் போன பாய் இருக்கும். எல்லாவற்றையும் பென்சிலால் ஒரே தாளில் எழுதி, பழைய தினசரி நாட்காட்டி அட்டையில் கிளிப் போட்டு வையுங்கள். எண்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், பேனா கூடாது.

12. கதாபாத்திரம் சாகலாமா கூடாதா என்பதை முதல் சீட்டு எடுக்கும் முன்பே பேசி முடிவெடுங்கள். சாகலாம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டு விதி: நெல்லைச் சீமையில் வீரமாகச் செத்தவர்கள் பலர் காவல் தெய்வமாக நிற்பதுபோல, செத்த ஆளும் கூட்டத்தோடு இருப்பார். அவரை ஆடிய பிள்ளை ஆட்டத்துக்கு ஒருமுறை, கூட்டாளி எடுத்த மோசமான சீட்டை 'திருப்பிப் போடுலே' என்று சொல்லி மறுபடி எடுக்க வைக்கலாம். புது ஆள் தயாராகும் வரை அந்தப் பிள்ளையும் பாயை விட்டு எழுந்து போகாது.