பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்த குழந்தை

கேள்வி: வெளிநாட்டில் வாடகைத்தாய் மூலம் பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்குவது அவ்வளவு கடினமா?

பதில்: சில நாட்டவருக்கு மிகக் கடினம். 2008 ஜூலையில் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு ஜப்பானியருக்கு இப்படிப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் அவரும் மனைவியும் விவாகரத்து பெற்றிருந்தார்கள். ஜப்பானியச் சட்டப்படி பெற்றெடுத்தவளே தாய்; அதனால் அந்நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. தாய் யாரென்று முடிவாகாததால் இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை. தகப்பன் ஊர் திரும்பிவிட, வயதான பாட்டிதான் கைக்குழந்தையோடு காத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் ஜெய்ப்பூர் பாஸ்போர்ட் அலுவலகம் ஓர் அடையாளச் சான்றிதழ் கொடுத்தது. அதில் தாயின் பெயரும் இல்லை, நாடும் இல்லை. ஜப்பான் மனிதாபிமான அடிப்படையில் விசா தந்தது. பச்சைக் குழந்தைக்கு இந்த அலைச்சல் தேவையா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே உங்கள் தூதரகத்தில் கேளுங்கள்: தாயாக யாரை ஏற்பார்கள், மரபணுச் சோதனை வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.