அருவியில் குளிக்க ஷாம்பு எதுக்கு? குற்றாலத்தில் கற்ற ஒரு டிசைன் பாடம்

நான் தென்காசிக்காரன் என்று தெரிந்தால் ஹாஸ்டலில் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, "மச்சான், சீசன் ஆரம்பிச்சிருச்சா?" ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியா வரும், சாரல் அடிக்கும், அருவி கொட்டும். இந்தத் தடவை சீசன் பற்றி எழுதப் போவதில்லை. ஆறாவது செமஸ்டரில் எங்க டீம் செய்த மினி ப்ராஜெக்ட்டில் ஒரு பெரிய தப்பு பண்ணினோம். அந்தத் தப்பில்தான் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கு.

ப்ராஜெக்ட் தலைப்பு: மக்கும் ஷாம்பு பாக்கெட். காரணம் எளிது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஓரமாப் பார்த்தால் காலி பாக்கெட்டுகள் கிடக்கும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-லேயே தடை போட்டாச்சு. ஆனாலும் டவல் மடிப்புக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வருகிறவர்கள் இருக்காங்க.

அந்தச் சின்னப் பாக்கெட்டைக் கொஞ்சம் கவனிங்க. உலகம் முழுக்க விற்கிற இந்த ஐடியா நம்ம கடலூரில் வளர்ந்தது. சின்னி கிருஷ்ணன் குடும்பம் வெல்வெட் ஷாம்பூவைப் பாக்கெட்டில் விற்றது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொடங்கி சிக் ஷாம்பூவைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது. டிசைனாகப் பார்த்தால் அது ஒரு வெற்றி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பாக்கெட் ஒரே பொருள் கிடையாது. பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் ஒன்று மேல் ஒன்றாக ஒட்டிய பல அடுக்கு. பிரிக்க முடியாது, அதனால் பழைய பேப்பர்க் கடையில் எடுக்க மாட்டாங்க. தண்ணி பாட்டிலைப் பொறுக்குகிறவர்கூட இதைத் தாண்டித்தான் போவார்.

சரி, பாக்கெட் மக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைச்சோம். மரவள்ளி ஸ்டார்ச் ஃபிலிம், தேன்மெழுகுப் பூச்சு, லேபில் இரண்டு மாசம். முதல் ரிவ்யூவில் நல்ல மார்க்கும் வந்தது.

ரெண்டாவது ரிவ்யூவுக்கு மூணு வாரம் இருக்கும்போது சாம்பிளை எடுத்துட்டு என் சித்தப்பா கடைக்குப் போனேன். குற்றாலத்தில் ரொம்ப வருஷமா சின்னக் கடை வச்சிருக்கார். ஒரு காலத்தில் வாசலில் ஷாம்பு சரம் சரமாத் தொங்கும். தடைக்கு அப்புறம் அதையெல்லாம் எடுத்துட்டார். சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, இது மக்கிரும்னு சொல்லுத. உள்ள இருக்க ஷாம்பு எங்கலே போகும்?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்தது வந்தது. "மலையில இருந்து கொட்டுத தண்ணில நிக்கவனுக்கு ஷாம்பு எதுக்குலே? நானும் வித்தேன்தான். அவன் கேட்டான், வித்தேன். எதுக்குன்னு அவனும் யோசிக்கல, நானும் யோசிக்கல."

அன்னைக்கு ராத்திரி சும்மா ஒரு கணக்கு போட்டேன். ஒரு பாக்கெட் 6 மில்லி, ஒரு நாளில் 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60 லிட்டர் ஷாம்பு. அது சிற்றாற்றில் இறங்கி, வழியில் குளங்களையும் வயல்களையும் தொட்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும். நுரை தரும் வேதிப்பொருள் அளவு கூடினால் மீனின் செவுள் பாதிக்கும். செறிவு என்பது கொட்டின அளவை ஓடுகிற தண்ணியால் வகுப்பது. அருவி மெலிகிற நாளிலும் கூட்டம் குறையலைன்னா செறிவு ஏறும். எங்க 'பசுமை' பாக்கெட் இந்தக் கணக்கில் ஒரு சொட்டைக்கூடக் குறைக்காது.

இப்போ பாடத்துக்கு வாங்க. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று எலெக்டிவ்ல படிச்சிருப்பீங்க, ஐஎஸ்ஓ 14040. நோக்கமும் எல்லையும், கணக்கெடுப்பு, தாக்கம், விளக்கம் என்று நாலு கட்டம். பரீட்சைக்கு இந்த நாலையும் எழுதிடுவோம். முதல் கட்டத்துக்குள் 'ஃபங்ஷனல் யூனிட்' என்று ஒன்று வரும், அதை எல்லோரும் ஒரே வரியில் தாண்டிடுவோம். எதை அளக்கிறோம் என்கிற அலகு அது. பெயின்ட்டை லிட்டரில் ஒப்பிடக் கூடாது; ஒரு சதுர மீட்டர் சுவர் பத்து வருஷம் மூடியிருக்க எவ்வளவு வேணும் என்று ஒப்பிடணும். எங்க ரிப்போர்ட்டில் நாங்க எழுதியிருந்த அலகு, 'பயனருக்கு 6 மில்லி ஷாம்பு வழங்குதல்'. அப்படி எழுதின நிமிஷமே ஷாம்பு வேணுமா என்ற கேள்வியை நாங்களே வெளியே தள்ளி கதவைச் சாத்திட்டோம். அதுக்கப்புறம் எந்த மென்பொருளில் போட்டாலும் விடை ஏதோ ஒரு பாக்கெட்டாத்தான் வரும்.

அலகை மாத்தி எழுதினோம்: 'ஒருவர் அருவியில் குளித்து, தலை துவட்டி, உடை மாற்றி, சந்தோஷமாக வெளியே வருவது'. கைடு 'சந்தோஷமாக' என்பதை அடிச்சிட்டார். அளக்க முடியாதாம். எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

ஏன்னா அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கார். மன்ஃப்ரெட் மாக்ஸ்-நீஃப், சிலி நாட்டுப் பொருளாதார அறிஞர். மனுஷனோட அடிப்படைத் தேவைகள் கொஞ்சம்தான், எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஏறக்குறைய அதேதான் என்றார். மாறுவது அதை நிறைவேற்றுகிற வழி மட்டும். அவர் போட்ட ஒன்பது தேவைகளில் உயிர்வாழ்வு, பாதுகாப்பு, அன்பு வரிசையிலேயே ஓய்வும் இருக்கு. ஓய்வென்றால் தூக்கம் மட்டும் இல்லை, சும்மா இருப்பது. குற்றாலத்துக்கு வருகிறவன் தேடி வருவது அதைத்தான். ஷாம்பு ஒரு வழிகூட இல்லை, கூடவே வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அந்த அருவியே எப்படி 'டிசைன்' ஆகியிருக்குன்னு பாருங்க. பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுகிற பொருள், காற்றின் எதிர்ப்பை விட்டுவிட்டால், கீழே வரும்போது மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர் வேகம். கீழே மண்டை தாங்காது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் தண்ணீர் விழுந்து, பொங்கி, வேகம் அடங்கித்தான் நம்ம தலைக்கு வருது. அணைக்கட்டுக்குக் கீழே நாம கட்டுகிற ஸ்டில்லிங் பேசின் செய்கிற அதே வேலை. கரன்ட் பில் கிடையாது.

இதையே காசுக்கு வாங்க நினைச்சால் என்ன ஆகும்? விநாடிக்கு 10 லிட்டரைப் 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் திறன் 60 சதவீதம் என்றால் சுமார் 1.6 கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு 13 யூனிட். விழுவது ஒரு ஒல்லி அருவி. மோட்டாரும் வேண்டாம், ஓடையையே திருப்பிடலாம் என்று யோசிச்சவங்களும் உண்டு. இயற்கை நீரோட்டத்தை மாற்றி ரிசார்ட்டுகளில் செயற்கை அருவி அமைக்கிற விஷயம் 2022-ல் மதுரைக் கிளை வரை போய், நடவடிக்கைக்கு உத்தரவும் வந்தது. நாலு பேர் தனியாக் குளிக்க, கீழே நானூறு பேரின் தண்ணீர்.

அலகு மாறினதும் எங்க ப்ராஜெக்ட்டும் மாறிப்போச்சு. அருவியில் நின்று ஒரு சனி, ஞாயிறு முழுக்கக் கவனித்தோம். யாரும் ஷாம்பு இல்லாமல் தவிக்கல. துண்டு இல்லாமல்தான் தவிச்சாங்க. உடனே ஒரு புதுத் துண்டு வாங்குவாங்க, பாதிப் பேர் நனைஞ்ச துண்டை அங்கேயே விட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு கிலோ பருத்திக்கு உலக சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் என்கிறார்கள். 200 கிராம் துண்டுக்கு 2,000 லிட்டர். அதையே 30 பேருக்கு வாடகைக்கு விட்டால், துவைக்கிற தண்ணியையும் சேர்த்து ஆளுக்கு 70 லிட்டர் சுற்றி வரும். ஆனா நியாயமாச் சொல்லணும். வாங்கின துண்டை வீட்டுக்குக் கொண்டு போய் நூறு தடவை துவட்டுகிறவருக்கு வாடகை லாபம் இல்லை. விட்டுட்டுப் போகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு. அப்புறம், துவைப்பது அருவிக்கரையில் இருக்கவே கூடாது. இருந்தால் பின்வாசல் வழியா மறுபடி சோப்பு வந்துரும்.

சித்தப்பா இந்த சீசனுக்கு நாற்பது துண்டு வாங்கிப் போட்டிருக்கார். ஐம்பது ரூபாய் டெபாசிட், இருபது ரூபாய் வாடகை, கூட ஒரு சுக்குக் காபி. முதல் வாரத்தில் நாலு துண்டு திரும்பி வரல. அது பரவாயில்லையாம், டெபாசிட் இருக்கு. அவர் ராத்திரி போன் பண்ணிச் சொன்னது வேற. கூட்டம் வருகிறதே சாரல் நாளில்தான், சாரல் நாளில் துண்டு காயறதில்லை. ட்ரையர் வாங்கினால் எங்க கணக்கு முழுக்கக் கவிழும். எங்க ஊரில் காத்துக்குப் பஞ்சமே இல்லை, காசி விஸ்வநாதர் கோவில் வாசலில் நின்னா ஆளையே உள்ளே தள்ளும். ஆனா சாரல் காத்து ஈரக்காத்து. தகரக் கூரைக்கு அடியில் சூடேறும் காற்றை இழுத்து ஒரு கொடி அறை கட்டலாமா என்று படம் போட்டுக்கிட்டிருக்கேன், வெயிலே இல்லாத நாளில் அதுவும் படுத்துரும். மெக்கானிக்கல் பசங்க யாருக்காவது இதில் ஐடியா இருந்தா ரெண்டாவது மாடி, கடைசி ரூம். வரும்போது ஈரத்துண்டு ஒண்ணு கொண்டு வாங்க, டெஸ்ட் பண்ணணும்.