வாக்கெண்ணும் நிலையத்து வாசலில் நிற்கப்போகும் பிள்ளைக்கு

உடுப்பிட்டி

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. அடுத்த தேர்தலில் வாக்கெண்ணும் நிலையத்துச் செய்தியை ஆசிரியர் உம்மிடமே ஒப்படைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர். நிருபராகி இவ்வளவு கெதியில் அந்தப் பொறுப்பு வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். முடிவு பிடிக்காத சனம் வாசலில் திரண்டு நின்றால் எதைப் படம் எடுப்பது, எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர். அதை 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவை வைத்துச் சொல்வதுதான் பொருத்தம்.

அன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குகளை எண்ணினார்கள். கொரோனாக் காலமாதலால் வாக்களிப்பு முடிந்த இரவே எண்ணாமல் மறுநாட் காலைதான் தொடங்கினார்கள். கட்சிகளுக்கு விழுந்த வாக்குகள் தொகுதி தொகுதியாக முதலில் வெளிவந்தன. பட்டியலில் எவர் தெரிவாகிறார் என்று காட்டும் விருப்பு வாக்கு மட்டும் இரவாகியும் வரவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் போட்டியிட்ட சசிகலா ரவிராஜ் வென்றுவிட்டார் என்ற கதை அதற்குள் பரவிவிட்டது. 2006 இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் மனைவி அவர். கடைசியில் முடிவை அறிவித்தபோது அவர் கூட்டமைப்புப் பட்டியலில் நான்காம் இடம். கூட்டமைப்புக்குக் கிடைத்ததோ மூன்று ஆசனம். மூன்றாம் இடத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் 742 வாக்கு. எண்ணிக்கையை மாற்றிவிட்டார்கள் என்று ஆதரவாளர்கள் குரல் எழுப்பினார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பு மறுத்தது. கூட்டத்தைக் கலைக்க விசேட அதிரடிப்படை இறங்கியது.

அந்த வாசலில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தாம் விரும்பிய ஒருவர் தோற்றுவிட்டார் என்ற கவலை ஒன்று. உள்ளே கள்ளம் நடந்தது என்ற குற்றச்சாட்டு மற்றது. கத்துகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அது இயற்கை, அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. எழுதுகிற உமக்கு இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். "அநியாயம் நடந்துபோச்சு" என்று ஒருவர் சொன்னால், "நீங்கள் உள்ளே நின்றீங்களோ? என்ன கண்டனீங்கள்? ஆர் சொன்னது?" என்று மரியாதையாகக் கேளும். வாசலில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் தொலைபேசியில் வந்ததைத்தான் சொல்வார்கள். எண்ணும் மேசைக்குப் பக்கத்தில் நின்ற முகவர் ஒருவர் அகப்பட்டால் அவர் வாயிலிருந்து வருவது செய்தி. அவர் எந்த மேசையில் நின்றார், எத்தனை மணிக்கு, எந்த இலக்கத்தைக் குறித்தார் என்பதுவரை கேட்டு எழுதும்.

எங்கள் சனத்தின் சந்தேகத்தை ஒருபோதும் இளக்காரமாக எழுதிவிடாதேயும். 1981 ஜூனில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்தபோது யாழ்ப்பாணத்தில் சில வாக்குப் பெட்டிகளே காணாமற் போயின. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து நாலு நாள்கூட ஆகவில்லை. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்து கிடந்தது. அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அந்த வாசலில் நிற்பார்கள்.

இன்னொன்று, தேர்தல் முறையே எண்ணிக்கையை இருட்டாக்கி வைத்திருக்கிறது. முன்பு உடுப்பிட்டித் தொகுதிக்கு ஒரு உறுப்பினர். 1970 இல் பிரதி சபாநாயகராக இருந்த மு. சிவசிதம்பரம் இங்கே தமிழரசுக் கட்சியின் ஜெயக்கொடியிடம் தோற்றார். இருவருடைய வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் படிக்காத கிழவிக்கும் முடிவு விளங்கும். இன்றைக்கு உடுப்பிட்டி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பதினொரு தொகுதிகளில் ஒன்று. ஒருவர் சின்னத்துக்கு எதிரே புள்ளடி போடுகிறார், கீழே இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி போடுகிறார். கிளிநொச்சியும் சேர்ந்த மாவட்டம் முழுவதிலும் அந்த இலக்கங்களை எண்ணிக் கூட்டவேண்டும். 2020 இல் ஒரு பட்டியலில் பத்துப் பேர். இவ்வளவு நேரம் ஏன் எடுக்கிறது என்பதைத் தேர்தலுக்கு ஒரு கிழமை முன்னமே உம்முடைய பத்திரிகையில் விளக்கி எழுதும். தாமதம் கள்ளத்துக்குச் சாட்சி என்று நம்பிக் கொதிக்கிற சனத்தில் பாதி அதை வாசித்தால் ஆறும். அந்த வேலையை நாங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதே என் அபிப்பிராயம். தேர்தல் திணைக்களமும் செய்யவில்லை.

கள்ளம் நடக்கவே மாட்டாது என்று சொல்ல வரவில்லை. ஆபிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் 2019 மே மாதத் தேர்தலில் முடிவுத் தாள்களில் வெள்ளைத் திருத்த மை பூசியிருந்தார்கள். மாதக்கணக்காகச் சனம் தெருவில் நின்றது. அந்தத் தாள்களை நீதிமன்றத்தில் விரித்து வைத்து வாதாடினார்கள். 2020 பெப்ரவரியில் நீதிமன்றம் தேர்தலையே செல்லாதென்றது, ஜூனில் திரும்ப நடந்த வாக்களிப்பில் எதிர்க்கட்சிக்காரர் வென்றார். தெருவில் நின்ற சனம் கேள்வியை உயிரோடு வைத்திருந்தது, தாள் பதிலைச் சொன்னது. தேர்தலில் கள்ளம் நடந்தது என்று சொல்லி 2021 ஜனவரி 6 இல் அமெரிக்காவின் வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கூட்டத்துக்கும் கோபத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் தரப்பின் அறுபது வழக்குகள் வரையில் முன்னமே நீதிமன்றங்களில் தோற்றிருந்தன. இரண்டையும் ஒரே தலைப்பில் போட முடியுமா?

படத்தைப் பற்றிக் கேட்டீர். கூட்டத்தின் அளவு தெரியும்படி தூரத்திலிருந்து எடும். பொடியன்களின் முகத்தை நெருக்கி எடுத்துப் போடாதேயும், எங்கள் ஊரில் அந்தப் படம் நாளைக்கு யாருடைய மேசைக்குப் போகும் என்று உமக்கே தெரியும். அடிதடி தொடங்கினால் யார் முதலில் கை வைத்தது என்பதை, நீர் கண்டதாயின் மட்டும், நேரத்தோடு எழுதும். காணாவிட்டால் காணவில்லை என்று எழுதும். முகநூலில் வந்த விருப்பு வாக்குக் கணக்கை, தெரிவத்தாட்சி அலுவலர் அறிவிக்கும்வரை உம்முடைய பெயரின் கீழே போடவே கூடாது. மற்றப் பேப்பர் முந்தினால் முந்தட்டும்.

அறிவிப்போடு எல்லா நிருபரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீர் போகாதேயும். நாடாளுமன்றத் தேர்தல் முடிவை எதிர்த்து மனுப் போட, முடிவு வர்த்தமானியில் வெளியான நாளிலிருந்து இருபத்தொரு நாள்தான் அவகாசம். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாசலில் குற்றஞ்சாட்டியவர்களிடம் ஒவ்வொரு கிழமையும் போய்க் கேளும்: மனுத் தயாராகிறதா, எந்த முகவர் சத்தியக் கடதாசி கொடுக்கிறார், கட்சி உதவுகிறதா, காசு இல்லையா. மனுப் போட்டால் எழுதும். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதும். அந்த இரவு அடிவாங்கிய சனத்துக்குப் பத்திரிகை கொடுக்க வேண்டிய கடன் அது. வர்த்தமானித் திகதியைக் குறிப்புக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையும். இருபத்திரண்டாம் நாள் உம்முடைய செய்தியை நான் பேப்பரில் தேடுவேன்.

அன்புடன்,
உடுப்பிட்டியிலிருந்து ஒரு பழைய நிருபர்